வீங்கிய களஞ்சியம்

கோலா கெடாவில் ஒரு வாடகை அறையில் இருந்தபடி வேலை பார்க்கிறாள் மாலா. நிறுவனத்தின் மென்பொருள் நிரல்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியங்களை வாரந்தோறும் அளந்து பார்ப்பது அவள் பொறுப்பு. ஏதாவது ஒன்று திடீரென்று வீங்கியிருந்தால், அதில் கோளாறு என்று அர்த்தம்.

எப்போதும் வீங்குவது, அதே நிறுவனத்துக்காக ஜித்ராவில் தனியாக இருந்து நிரல் எழுதும் அய்யாவு அண்ணனுடையதுதான். உடனே அவருக்குப் போன் போடுவாள்.

"அண்ணே, மறுபடியும் பெரிய வீடியோவ உள்ள போட்டுட்டீங்க."

"சோரிம்மா, தெரியாம போயிருச்சி. அங்க மழையா?"

பேச்சு அரை மணி நேரம் ஓடும். பல நாள்களில் மாலாவிடம் பேசும் ஒரே மனிதர் அவர்தான்.

மேலாளருக்கு அலுத்துப்போனது. "பெரிய ஃபைல் ஏறாம தடுத்துடு லா. பழசையும் அழிச்சிடு."

மாலா தடுப்பைப் போட்டாள். சில நாள் கழித்து, பழையவற்றை அழிக்கும் முன் ஒரு வீடியோவை முதன்முறையாகத் திறந்து பார்த்தாள். சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசிவரை அது மட்டும்தான். அடுத்த வீடியோவிலும் அதே ஃபேன். எல்லாவற்றிலும் அதே.

அவருக்குப் போன் செய்தாள்.

"இந்த வாரம் நான் ஒன்னும் போடலையேம்மா. போட்டுப் பாத்தேன், ஏறல," என்றார் அய்யாவு தயக்கத்துடன்.

"தெரியும்ணே. சும்மாதான் கூப்பிட்டேன்."