பத்து நாற்காலி

"கடையில வேலை செய்ற பத்துப் பெண்ணுக்கும் பத்து நாற்காலி போடு. குஷன் வெச்சது. நிறம் மெரூன்," என்றார் வேலாயுதன்.

பழவங்காடியில் ஜவுளிக்கடை நடத்தும் முதலாளி இப்படிப் பேசினால், கேட்கிறவன் முதலில் சந்தேகப்பட வேண்டும். அவர் பேசியது தச்சனிடம் இல்லை. மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த சிஜியிடம்.

சிஜிக்கு வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் வேலை. ஓணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்களின் பிள்ளைகள் விளையாட, இதே கடையைக் கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டுகிற மாதிரி ஒரு கேம் வேண்டுமாம். வாசலில் பெரிய டிவியில் ஓடுமாம். ஊரே பார்க்குமாம்.

"சார், இது கட்டை அடுக்குற கேம். சுவரு, தூணு, அலமாரி எல்லாம் கட்டையிலேயே வந்துடும். நாற்காலி தனியா செய்யணும். செஞ்சாலும் அதுல பொம்மை உக்காராது. சும்மா அழகுக்கு நிக்கும்."

"அழகுக்குத்தான் கேக்கேன்! வாறவன் பாக்கணும், நம்ம கடையில பெண்ணுங்கள எப்பிடி வெச்சிருக்கோம்னு."

"நாற்காலி வேண்டாம்," என்றது ஒரு குரல்.

பட்டுச்சேலைப் பிரிவு சரோஜம். பத்தொன்பது வருஷமாக அதே கவுண்டர். கடையின் மூலை முடுக்கெல்லாம் அவளுக்குத்தான் தெரியும் என்று அளவு சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். வலது காலில் இருந்த பாரத்தை இடது காலுக்கு மாற்றிக்கொண்டு, தூணில் சாய்ந்து நின்றாள்.

"உன்கிட்ட யாரு கேட்டா?" என்றார் வேலாயுதன்.

"ஒரு நாற்காலிகூட வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு வீண் வேலை."

வேலாயுதன் சிஜியைப் பார்த்துக் கையை விரித்தார். "கண்டியா மோளே? நல்லது செய்யப் போனா இதுங்களே வேண்டாங்குது. இதுகளை வெச்சு நான் படுற பாடு!"

சிஜி தூண்களைப் படம் எடுத்தாள். நாலு தூணிலும் ஒரே உயரத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறை. "சார், இந்தக் கறையையும் கேம்ல போடட்டா?"

"அது பழைய பெயின்ட். அத விடு."

சரோஜம் தலையைத் தூணிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"சரி சார், நாற்காலி செய்யறேன். ஆனா ஒரு விஷயம். கடை பேர் போட்டா உள்ளே உள்ள சாமானை போட்டோ பாத்துத்தான் செய்வோம். இல்லாததைப் போட்டு நாளைக்கு யாராவது பொய்னு சொன்னா எங்களுக்குத்தான் கேடு. நாற்காலியக் காட்டுங்க."

வேலாயுதன் கழுத்தைத் துடைத்தார்.

"அவரு எங்க காட்டுவாரு?" என்றாள் சரோஜம், கடைக் கோடிவரை கேட்கிற குரலில். "இந்தக் கடையில நாற்காலியே கிடையாது. விடு மோளே, வேண்டாம்."

கல்யாணப் பட்டு பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பியது. அதில் பெரியவள் சேலையைக் கீழே வைத்தாள். "அய்யோ, அப்ப இந்தப் பெண்ணுங்க நாள் முழுக்க நிக்கவா செய்யுது?"

வேலாயுதனுக்கு முகம் சிவந்தது. ஓண நேரம். பட்டெடுக்க வந்த கூட்டம். "யாரு சொன்னா கிடையாதுன்னு? பத்து நாற்காலி கிடக்கு மாடியில! லேய் ஜெயா, பத்தையும் இறக்குடா!"

மூட்டை தூக்கும் ஜெயன் ஒவ்வொன்றாக இறக்கினான். மெரூன் நிறம், குஷன் வைத்தது. வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் பிளாஸ்டிக் உறை பிரியவில்லை. விற்கிற பெண்களுக்கு சட்டப்படி உட்கார இடம் இருக்கிறதா என்று லேபர் ஆபீசர் பார்க்க வருகிற அன்று மட்டும் அவை கீழே வரும். அவர் ஜீப் கிழக்கேகோட்டை முக்கு திரும்புவதற்குள் மேலே போய்விடும். நடுவில் எவளும் உட்காரக் கூடாது, குஷன் அமுங்கிவிடும் என்று உத்தரவு.

வேலாயுதன் நாற்காலி வரிசைக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சை நிமிர்த்தினார். "எடு மோளே, என்னையும் சேத்து எடு. எண்ணிக்கோ, பத்து!"

சிஜி எடுத்தாள். கல்யாண வீட்டுக்காரர்களும் செல்போனைத் தூக்கினார்கள்.

"போதும். ஜெயா, மேல ஏத்து."

"ஏத்தாண்டாம், ஜெயா," என்றாள் சரோஜம்.

தூணை விட்டு வந்தாள். முதல் நாற்காலியின் உறையைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தாள். அந்தச் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. நடுவில் உட்கார்ந்தாள், விளிம்பில் இல்லை, நன்றாக முதுகைச் சாய்த்து. வீங்கிய இரண்டு காலையும் முன்னால் நீட்டினாள்.

சட்டைத்துணிப் பிரிவு மாடம்மாள் வந்து இரண்டாவது உறையைக் கிழித்தாள். அப்புறம் சுமி. அப்புறம் சத்தத்தை எண்ண முடியவில்லை. பத்து நாற்காலியும் நிறைந்துவிட்டது.

"சேச்சி, அப்பிடியே இருங்க," என்று சிஜி மறுபடி படம் எடுத்தாள். "நல்லாருக்கு!" என்றாள் கல்யாண வீட்டுப் பெரியவள்.

இத்தனை போனுக்கு முன்னால் வேலாயுதன் கத்த முடியுமா? பல்லைக் காட்டிச் சிரித்தபடியே குனிந்து, சரோஜத்தின் காதருகில் சீறினார். "நாற்காலி வேண்டாம், வேண்டாம்னு நீதானே சொன்னே?"

சரோஜம் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.

"அப்படிச் சொன்னதாலதானே நீங்க இறக்குனிய, முதலாளி."