தேன் நிறச் சொட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமையும் பழைய காருக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் ஆயில் சொட்டியிருந்தது.

"கேஸ்கெட்டு மாத்தி ஒரு மாசம் ஆவுது. இன்னும் ஒழுவுதே, இன்னா ஜோஷ்வா இது?" என்று கத்தினார் அப்பாசாமி.

மெக்கானிக் ஜோஷ்வா குனிந்து சொட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். தேன் நிறத்தில் மினுங்கியது. தலைநிறையப் பூவோடு வாசலில் நின்ற அப்பாசாமியின் மனைவி வசந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ஜின் சூடானாத்தான் தெரியும் நைனா. போன வாரம் மாதிரியே மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. அம்மாவும் கூட வரட்டும்."

காரணமில்லாமல் காரை வெளியே எடுக்காத அப்பாசாமி, முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்தார்.

கடல் பாதி தூக்கத்தில் புரள்வதுபோல அசைந்துகொண்டிருந்தது. அலை வந்து பாதத்தை நனைத்து, அடியிலிருந்த மணலை மெல்ல இழுத்துக்கொண்டு போனது. வசந்தாவுக்குத் தான் நிற்கிறோமா மிதக்கிறோமா என்றே தெரியவில்லை. வாரம் முழுக்க இதற்காகத்தானே காத்திருந்தாள்.

பக்கத்தில் வந்து நின்ற அப்பாசாமி, அலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அட்டையில இனிமே புது ஆயில ஊத்தாத வசந்தா. என்ஜின்லேர்ந்து ஒழுவறது கறுப்பா இருக்கும், மெக்கானிக்கு கண்டுபுடிச்சிடுவான். பழைய ஆயில் ஒரு பாட்டிலு உனக்குன்னு புடிச்சி வச்சிகீறேன்."