வலப்பக்கப் பொத்தான்

"பொத்தான் எல்லாம் பக்கம் மாறி இருக்கே, கண்ணாடி பாத்துப் போட்டியா, இல்ல இருட்டுல போட்டியா?"

பெரிய வக்கீல் பேனா முனையால் அந்தப் பெண்ணின் கோட்டு மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். விரல் படவில்லை. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிறவர்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகத் தூக்குவார்.

காலையிலிருந்தே அவருக்கு எரிச்சல். வாசல் கண்ணாடிக் கதவைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்தது. "மூணு மாசமாச்சு, அந்த எடத்துக்கு ஒரு ஆளப் போடத் துப்பில்ல" என்று மேனேஜரைக் கடித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இருந்தது ஒரே ஒரு பயிற்சி இடம். வந்திருந்தது சட்டக் கல்லூரிக் கடைசி வருஷத்துப் பிள்ளைகள் பதினாலு பேர். மற்ற அலுவலகங்களில் முதலில் மார்க்கைப் பார்ப்பார்கள். இங்கே முதலில் துணி. கம்பளத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டையின் மேல் நிற்க வேண்டும். ஷூவிலிருந்து காலர்வரை அவர் கண் ஏறி இறங்கிய பிறகுதான் ஃபைல் திறக்கும். ஜூனியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் இஸ்திரிப்பெட்டி. சூடும் உண்டு, கனமும் உண்டு, உள்ளே இருப்பது கரி.

அந்தப் பெண்ணின் ஃபைல் மேஜையில் மூடியபடியே கிடந்தது. வகுப்பில் முதலாவது என்று அதற்குள்ளே எழுதியிருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

"ஆம்பளைங்க கோட்டு சார், அதான் பொத்தான் வலப்பக்கம் இருக்கு. எங்கப்பாவோடது. அம்மா பிரிச்சுத் தெச்சுக் குடுத்தாங்க."

"அதான பாத்தேன். இன்னொரு ஆளையும் உள்ள குடி வெச்சு வாடகை வாங்கலாம் போல."

பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஜூனியர் சிரித்தாள். அவள் சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

பேனா முனை மார்புப் பக்கம் நகர்ந்தது. "இது என்னம்மா, மத்ததெல்லாம் வெளுத்துப் போயி, இங்க மட்டும் தீப்பெட்டி அளவுக்குக் கறுப்பா இருக்கு? ரெண்டு ஓட்டை வேற."

"அங்க ஒண்ணு குத்தி இருந்துச்சு சார். எடுத்துட்டோம்."

ஜூனியர் எட்டிப் பார்த்தாள். அப்புறம் அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து, எழுதாத பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா என்ன பண்றாரு?"

"தவறிட்டாரு சார்."

"ஓ." அந்த 'ஓ'வுக்கு அவர் செலவழித்தது அரை நொடி. "வக்கீலா இருந்தாரா?"

"இல்ல சார். வக்கீலுங்க மத்தியில இருந்தாரு."

"குமாஸ்தாவா இருந்திருப்பாரு" என்று தானே தீர்ப்பெழுதிக்கொண்டார். "ஏம்மா, கட்சிக்காரன் வந்தா மொதல்ல நம்ம படிப்பையா பாக்குறான்? உடுப்பத்தான் பாக்குறான். இந்த ஆபீஸ்ல ஜன்னல் திரையிலேர்ந்து டிரைவர் சட்டை வரைக்கும் நான் தொட்டுப் பாக்காம ஒரு முழம் துணி உள்ள வந்ததில்ல. துணிய வெச்சே ஆள எடை போட்டுடுவேன், தெரியுமா?"

"தெரியும் சார்."

அந்தப் பதிலில் பயம் போதவில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பேனாவை வைத்துவிட்டு, இரண்டே விரலால் கோட்டின் விளிம்பை உரசிப் பார்த்தார். முகம் வேப்பங்காயைக் கடித்தது போல ஆயிற்று.

"சே! சாக்குத் துணி. வெயில்ல நின்னா வேகும், மழையில நின்னா நாறும்."

"எங்கப்பாவும் அப்படித்தான் சார் சொல்லுவாரு."

"சொல்லிக்கிட்டே காசு குடுத்து வாங்கினாராக்கும்?"

"வாங்கல சார். வேலை செஞ்ச எடத்துல குடுத்தாங்க."

"அப்ப அந்த மொதலாளியத்தான் சொல்லணும்!" பெரிய வக்கீல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நெடுநேரம் கழித்து அவருக்கு உற்சாகம் வந்திருந்தது. "கண்ணுன்னு ஒண்ணு இருக்கற மனுஷன் இத இன்னொருத்தன் ஒடம்புல மாட்டுவானா? கூட வேலை பாக்குறவன மனுஷனாவே மதிக்காத ஜென்மம். எந்த எடம் அது? சொல்லு. அந்த ஆள் மூஞ்சிய ஒரு தடவையாவது பாக்கணும் நான்."

"சார், நேரமாச்சு. அடுத்த ஆளக் கூப்பிடட்டுமா?" என்றாள் ஜூனியர் அவசரமாக.

"நீ இரு. அவ வாயாலயே சொல்லட்டும்."

'மன்னிச்சுக்கங்க சார், நாளைக்கு வேற கோட்டு போட்டுட்டு வரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முன்னால் வந்தவன் பழுப்பு சாக்ஸுக்காக அப்படிக் கெஞ்சி ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டுதான் போனான்.

அவள் மூடிக் கிடந்த ஃபைலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவிழ்ந்திருந்த பொத்தானை, அதே வலப்பக்கத்துப் பொத்தானை, நிதானமாகப் போட்டாள்.

"ஒம்பது வருஷமா, தெனம் காலையில, இந்தக் கோட்டுதான் சார் உங்களுக்குக் கதவு தெறந்துச்சு."