கோட்டுக்கு ஒரு சாண் வெளியே

“அவுட்!”

சொல்லிச் சொல்லி நடுவர் பெரைராவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. போர்ட் கொச்சியில் ஒரு கிளப் 1959-இல் நடத்திய ஜூனியர் டென்னிஸ் போட்டி அது. பதின்மூன்று வயது கங்கா அடித்த பந்து மறுபடியும் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்திருந்தது.

எதிரே நின்ற எர்ணாகுளத்து டாக்டர் மகளுக்கு வேலையே இல்லை. பந்து வரும், வெளியே விழும், அவள் கொட்டாவி விடுவாள். கொட்டாவி விட்டே ஐந்து கேம் ஜெயித்திருந்தாள். இன்னும் ஒன்று போனால் ஆட்டம் முடிந்தது.

பக்கம் மாறும் இடைவேளையில் பெரைரா உயர நாற்காலியிலிருந்து குனிந்து, கங்காவின் அப்பா வைத்தீஸ்வரனைக் கூப்பிட்டு, குழந்தையைப் பற்றி மலையாளத்தில் விசாரித்தார்.

“சாமீ, கொச்சுக்குக் கண்ணுக்கு எந்தெங்கிலும் குழப்பம் உண்டோ?”

வைத்தீஸ்வரன் கொச்சங்காடியில் ஒரு மிளகு மண்டியில் குமாஸ்தா. மகளுக்குக் கோச்சும் அவரேதான். இதே கிளப்பின் வேலிக்கு வெளியே நின்று, எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்ட டென்னிஸ்.

“கங்கா, அந்தத் தென்னையில எத்தனை காக்கா இருக்கு, சொல்லு பாப்போம்.”

“மூணு. நடுவுல இருக்கறதுக்கு ஒரு காலு நொண்டி.”

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. காக்கை பறந்து வந்து இறங்கியபோது பார்த்தால், நிஜமாகவே நொண்டியது.

“பின்னே என்னடி ஆச்சு நோக்கு? மண்டி முத்தத்துல அடிக்கறச்சே ஒரு அடி தப்பினதுண்டா?”

தப்பியதில்லைதான். அளவு பிசகாமல் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டிக்கொள்ள அந்த முற்றத்தை விட்டுக்கொடுத்த முதலாளி, ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கோட்டுக்குள் விரித்த பாயில் காய்கிற மிளகு ஒரு மணி சிதறினாலும் ராக்கெட் அடுப்புக்குப் போகும், வைத்தீஸ்வரன் வீட்டுக்குப் போவார். இரண்டு வருஷமாக ராக்கெட்டும் பத்திரம், உத்தியோகமும் பத்திரம்.

“உள்ள அடிக்கணும்னுதான் நினைக்கறேன் அப்பா.” கங்காவுக்கு அழுகை முட்டியது. “அடிக்கப் போறச்சே கை கூசறது.”

“கூசும், கூசும்!” பெஞ்சியில் உட்கார்ந்திருந்த அம்மா நீலாம்பாள் எழுந்தே விட்டாள். “தோத்தா டென்னிஸ் வேண்டாம், நாளையிலேர்ந்து பாட்டு கிளாஸ்னு காலம்பரயே பேசியாச்சு. பாகவதர்கிட்ட சொல்லியும் ஆச்சு.”

கங்கா பாடினால் எப்படி இருக்கும் என்று தெருவுக்கே தெரியும். போன நவராத்திரிக்கு ஒரே ஒரு பாட்டுப் பாடினாள். வந்திருந்தவர்கள் சுண்டல்கூட வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். ஆனால் தெருவைப் பற்றியா இப்போது கவலை? குழந்தைக்கு டென்னிஸ் என்றால் உயிர். அதைப் பிடுங்கிவிட்டால் வாடிப் போய்விடுவாளே!

வேறு வழி தெரியாமல், மடியிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து ராக்கெட்டுக்கு இட்டு அனுப்பினார்.

ஆறாவது கேம்.

“அவுட்!” ஒரு சாண்.

“அவுட்!” அதே ஒரு சாண்.

“விபூதி மகளுக்கு இடணும். கட்டைக்கு இட்டா?” என்றாள் நீலாம்பாள்.

வைத்தீஸ்வரன் வேலியோரமாக நடந்து போய், பந்து விழுந்த இடத்தை உற்றுப் பார்த்தார். செம்மண்ணில் பந்தின் தடங்கள் கோட்டை ஒட்டியே, பாத்தி கட்டினாற்போல் ஒழுங்காக ஓடின. ஒன்றுகூட ஒரு சாணுக்கு மேல் விலகவில்லை. ஒன்றுகூட கோட்டைத் தொடவும் இல்லை. கை கோணலான குழந்தைக்கு இவ்வளவு நேராக வெளியே அடிக்க வருமா?

“அவுட்!” என்றார் பெரைரா. இன்னும் ஒரே பாயின்ட். நீலாம்பாள் கிளம்புவதற்காகக் கூஜாவை எடுத்துக்கொண்டாள்.

வைத்தீஸ்வரன் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். ஓடி வந்து பெஞ்சிமேல் ஏறி நின்று, கிளப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அலறினார்.

“கங்கா! இன்னிக்கு மிளகு கோட்டுக்கு வெளியிலயாக்கும் காயறது!”