மூன்றாவது டாக்டர்

"சட்டையைக் கழட்டுங்க" என்றார் மூன்றாவது டாக்டர்.

பட்டன்களை மனைவிதான் கழற்றிவிட்டாள். கையைத் தூக்கினாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

கப்பலில், எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை அவருக்கு. இருபத்து மூன்று வருஷம். பழைய கப்பல்களில் கொதிக்கும் குழாய்களின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருப்பார்கள். பழுது பார்க்கும்போதெல்லாம் அதைப் பிய்த்துப் போட வேண்டும். முடித்து மேலே வரும்போது மாவு மில்லிலிருந்து வருகிறவர் மாதிரி இருப்பார்.

கடைசிக் கப்பலில் ஒருநாள் ஏணியின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த துறைமுகத்தில் இறக்கி அனுப்பிவிட்டார்கள்.

நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. சிகரெட்டால் வந்த நோய் என்று கம்பெனி டாக்டர் எழுதினார். வேலையால் வந்த நோய் என்று இவர் போய்ப் பார்த்த டாக்டர் எழுதினார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இருதரப்பும் சம்மதித்து மூன்றாவது ஒருவரிடம் போக வேண்டும். அவர் எழுதுவதுதான் முடிவு.

அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்ததெல்லாம் அவளுக்குத்தான். அவர் எங்கே போனாலும் முதலில் நாற்காலி தேடுவார்.

டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சிகரெட் உண்டா?"

"எஞ்சின் ரூம்ல தீக்குச்சி கிழிச்சா கப்பலே சிகரெட்டாயிடும் டாக்டர்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. விளக்குப் பலகையில் ஓர் எக்ஸ்ரே படத்தை மாட்டினார். கடைசிக் கப்பலில் ஏறுவதற்கு முன்னால் எடுத்தது. நுரையீரல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

மனுவே அந்தப் படத்தின் மேல்தான் நின்றது. ஏறும்போது சுத்தம், இறங்கும்போது நோய் என்றால் கம்பெனி பொறுப்பு. ஏறும்போதே நோய் இருந்திருந்தால், மறைத்து ஏறியவன் என்று பெயர், ஒன்றும் கிடைக்காது. இருபத்து மூன்று வருஷமும் அதே கம்பெனிதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் புது ஒப்பந்தம், புது ஆள் கணக்கு.

டாக்டர் படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"இடது தோள்பட்டை எலும்புல பழைய முறிவு தெரியுதே. எப்ப உடைஞ்சது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். "பன்னெண்டு வயசுல, மாடிலேருந்து விழுந்து."

டாக்டர் தலையாட்டினார். போன வாரம் எடுத்த படத்தை அதன் பக்கத்தில் மாட்டினார்.

நுரையீரல் முழுக்கச் சாம்பலை அப்பிய மாதிரி இருந்தது. மேலே தோள் எலும்புகள் இரண்டும் நேராக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன.

கணவர் தரையைப் பார்த்தார். அவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

டாக்டர் படங்களை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த விலா எலும்புகள் படும் பாட்டைப் பார்த்தார்.

பிறகு பழைய படத்தைக் கழற்றி உறைக்குள் போட்டார். உட்கார்ந்து எழுதினார். டாக்டர் எழுத்து மாதிரியே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும்.

'வேலையால் வந்த நோய். இனி கடல் வேலைக்குத் தகுதியில்லை.'

முத்திரை குத்தித் தாளை அவளிடம் நீட்டினார். அவள் பிடித்த பிறகும் அவர் விடவில்லை.

"அவருக்கு இப்பவும் தோள் வலிக்குதா?"

கேட்டபோது கணவர் பக்கம் டாக்டர் திரும்பவே இல்லை.

அவள் குரல் தணிந்தது. "மழை பெஞ்சா மட்டும் வலிக்கும்னு சொல்லுவான் சார், என் தம்பி."

டாக்டர் தாளிலிருந்து கையை எடுத்தார்.