பக்கத்து சீட்டுக்காரி

"பக்கத்து சீட்டுல யாரு இருந்தா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டாள். கணவன் சோபாவுக்கு வெளியே கால் நீண்டு கிடக்க, கன்னத்துச் சிராய்ப்பில் மருந்து தடவிக்கொண்டிருந்தான்.

"யாரும் இல்லையே. நான் மட்டும்தான் போனேன். நேத்தே சொன்னேனே."

"இப்பதான் ஒர்க்‌ஷாப்புல காரைப் பாத்துட்டு வரேன். ரெண்டு ஏர்பேக்கும் விரிஞ்சு தொங்குது."

"மரத்துல மோதினா விரியத்தானே செய்யும்? அதுக்குத்தானே வெச்சிருக்கான்!"

இதை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். அவள் வேலை பார்ப்பதே ஏர்பேக்குக்கு மருந்து செய்யும் தொழிற்சாலையில். பார்த்தால் தலைவலி மாத்திரை மாதிரிதான் இருக்கும். வண்டி மோதியதும் குப்பென்று பற்றி, கண் மூடித் திறப்பதற்குள் பை நிறைய வாயுவைக் கக்கிவிடும். அந்த மாத்திரைகளை அழுத்தி எடுக்கும் இயந்திரம் அவள் பொறுப்பு. எந்தப் பை எப்போது விரியும் என்று அவளிடம் போய்க் கதை விடலாமா?

"நம்ம வண்டியில சீட்டுல கனம் இருந்தாத்தான் அந்தப் பக்கத்து மருந்து பத்தும். காலி சீட்டுன்னா பை அசையாது."

"ஆங்... உருளைக்கிழங்கு மூட்டை வெச்சிருந்தேன்."

"உருளைக்கிழங்குக்கு பெல்ட்டும் போட்டு விட்டீங்களோ? பெல்ட் இறுகிப் போய்க் கிடக்கு. கால் நீட்டி உக்காரட்டும்னு சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால வேற தள்ளி விட்டிருக்கீங்க!"

அடுக்களையிலிருந்து அவளுடைய அம்மா எட்டிப் பார்த்தாள். எண்ணெய் தெறிக்கிறது என்று மருமகனின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் புடவைக்கு மேல் மாட்டியிருந்தாள்.

"வந்ததும் வராததுமா ஏன்டீ மாப்பிள்ளையைப் போட்டு வதைக்கிறே? உயிரோட வந்தாரேன்னு சந்தோஷப்படு."

"நீ சும்மா இரும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

நேற்று அவளும் சந்தோஷப்பட்டவள்தான். அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஸ்டியரிங் பிடிச்ச கையைப் பை கக்குற சூடு சும்மா விடாதுங்க, மணிக்கட்டாவது சிவந்துடும். உங்களுக்கு ஒரு பொட்டு சிவப்பு இல்ல பாருங்க" என்று கண்கலங்கியவள்தான். "உன் மருந்து அவ்வளவு ஒசத்தி" என்று அவன் சிரித்தபோது பூரித்துக்கூடப் போனாள். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் ஆபீசில் கணக்குப் பிரிவில் ஒருத்தி இருக்கிறாள். நல்ல உயரம். 'கொடிக்கம்பம்' என்று பட்டப்பெயர் வைத்ததே இவன்தான். அன்றைக்கு வீட்டில் வந்து சொன்னபோது இவளும் சேர்ந்து சிரித்தாள். சீட்டைப் பின்னால் தள்ளாவிட்டால் கொடிக்கம்பத்துக்கு முழங்கால் இடிக்காதா என்ன?

அந்தக் கார் அவளுக்கு உயிர். ஓவர்டைம் பார்த்துப் பார்த்து வாங்கியது. கணவனைத் தவிர வேறு யாரும் சாவியைத் தொடக்கூடாது. அம்மா ஒருமுறை ஆசைப்பட்டபோதுகூட, "ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியல, உனக்குக் கார் கேக்குதா? தொட்டே, உன்னை அண்ணன் வீட்டுக்கு மூட்டை கட்டிடுவேன்" என்று வாயை அடைத்தாள். அப்பேர்ப்பட்ட காரில் எவளோ ஒய்யாரமாக உட்கார்ந்து போயிருக்கிறாள். அதைவிட, தன் கையால் எடுத்த மாத்திரையே பொங்கி எழுந்து, அந்த முகத்தில் ஒரு கீறல் விழாமல் தாங்கிப் பிடித்திருக்கும் என்பதை நினைத்தபோதுதான் வயிறு எரிந்தது.

"சனிக்கிழமை ஆனா போதும். நான் ஷிப்ட்டுக்குக் கிளம்பினதும் காரைக் கழுவப் போறேன்னு நீங்களும் கிளம்பிடுவீங்களாமே? எதிர்வீட்டுல சொன்னாங்க. சிரிப்புச் சத்தம் தெருவுக்கே கேக்குதாம்!"

"அவங்க கிடக்கிறாங்க. நீ நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல."

"அப்ப யாருன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

சத்தியம்! அதுவும் அவளுக்காக! விடுவிடுவென்று உள்ளே போனாள். பீரோ மேலிருந்த பெட்டியை இழுத்துப் போட்டு, கைக்கு வந்த துணியை எல்லாம் திணித்தாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாகத் துணியில் விழுந்தது.

"அம்மா! உன் துணியையும் எடுத்து வை. அண்ணன் வீட்டுக்குப் போறோம். இனிமே இந்த வீட்டுல எனக்கு வேலை இல்ல."

"ஐயோ, அங்கேயா?" அம்மாவின் முகம் செத்துவிட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். கணவன் பதறிக்கொண்டு வந்து கதவருகே நின்றான்.

"அத்தை..." என்றான் கெஞ்சலாக.

அம்மா பெருமூச்சு விட்டாள். "சொல்லிடுங்க மாப்பிள்ளை. சத்தியத்தைக் காப்பாத்தப் போயி குடும்பம் ரெண்டாயிடும் போலிருக்கு."

அவள் கையிலிருந்த புடவை நழுவியது. "உனக்கும் தெரியுமா? பெத்தவளே அவருக்குக் கூட்டா? கொடிக்கம்பத்துக்கு நீ காவலா?"

"கொடிக்கம்பமா? அது யாருடீ?"

"நடிக்காதேம்மா! ஏங்க, கடைசியாக் கேக்குறேன். பக்கத்து சீட்டுல இருந்தது யாரு?"

கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான்" என்றான்.

அவள் புரியாமல் விழித்தாள். அம்மா முழுக்கைச் சட்டையை மெல்ல மேலே சுருட்டினாள். இரண்டு மணிக்கட்டும் செக்கச் செவேலென்று கொப்புளித்திருந்தன.

"பிரேக்குன்னு நெனச்சு மிதிச்சேன்டீ..." என்றாள் அம்மா.