துணியில் ஓர் உடம்பு

"சத்தியமாச் சொல்றேன் மீனம்மா, அவ எனக்குத்தான் பொம்மை செஞ்சு வச்சிருக்கா."

அழகம்மாள் குரலைத் தாழ்த்தினாள். பக்கத்து வீட்டு மீனம்மாள் அம்மிக் குழவியை அப்படியே விட்டுவிட்டாள்.

"யாரு, ஒங்க மருமக செவந்தியா?"

"வேற யாரு? நெல்லுப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கா. என்னோட பழைய சேலைத் துணி, உள்ள பஞ்சு. தலை இல்லை, காலு இல்லை. கழுத்துலேருந்து இடுப்பு வரைக்கும் அச்சா நான்தான்டி! தொங்குன வயிறு, எறங்குன தோளு, ஒண்ணையும் விடலை. நெஞ்சுல இடது பக்கம் செவப்பு நூலால வட்டம் போட்டிருக்கா."

"செய்வினையாக்கா?" மீனம்மாள் நெருங்கி வந்தாள்.

அழகம்மாள் மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள். அந்த வட்டத்தை அவள் அமுக்கிப் பார்த்திருந்தாள். பஞ்சுக்குள் கொட்டைப்பாக்கு ஒன்று தட்டுப்பட்டது. கிட்டத்தட்ட அதே இடத்தில், அதே அளவில், அவள் மார்பிலும் ஒரு கட்டி இருந்தது. ஆறு மாதமாக அதை யாரிடமும் அவள் மூச்சுவிட்டதில்லை. செவந்திக்கு எப்படித் தெரியும்? கட்டியை வரவழைத்தவளே அவள்தான்!

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. மகன் தங்கமுத்து மலேயாவுக்குப் போய் இரண்டு வருஷம். கேட்க ஆளில்லை என்ற துணிச்சல். கொஞ்ச நாளாகச் செவந்தியின் பார்வை மாமியார் மேலேயே ஊர்ந்தது, அளவெடுப்பதுபோல.

மறுநாள் காலையில் செவந்தி ஒரு மூட்டையோடு வந்து நின்றாள்.

"கறம்பக்குடிக்குப் போயி எங்க ஆத்தாவைப் பாத்துட்டு வாரேன் அத்தை."

"போயிட்டு வா."

ஆனால் கீரமங்கலம் கடைத்தெருவில் அவள் ஏறியதோ புதுக்கோட்டை பஸ்! பானைக்குப் பின்னால் பொம்மையைக் காணோம் என்றதும் தொடர்ந்து வந்த அழகம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்தைக் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் ஏறினாள்.

புதுக்கோட்டையில் இறங்கிய செவந்தி எந்த மந்திரவாதி வீட்டுக்கும் போகவில்லை. நேராக ஆசுபத்திரிக்குள் நுழைந்தாள். அழகம்மாளும் பின்னாலேயே நுழைந்தாள். பொம்மை போதாதென்று, சோற்றில் கலக்க மருந்தும் வாங்கப் போகிறாளா?

டாக்டர் அறை வாசலில் பச்சைத் திரை. அதை ஒட்டி நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"என்னம்மா இது?" ஓர் ஆண் குரல் கேட்டது.

"எங்க மாமியார் ஒடம்புங்க. முதுகு தேச்சுவிடறப்ப கை வழுக்கி மாருல கட்டி தட்டுச்சு. எங்கிட்ட மறைக்கிறாங்க. உசுரே போனாலும் ஆம்பளை டாக்டருகிட்ட மாரைக் காட்ட மாட்டாங்க. அதான் இருக்கிறதை இருக்கிறபடி தச்சுக் கொண்டாந்தேன். அமுக்கிப் பாத்துச் சொல்லுங்கய்யா, அவங்க பொழைச்சுக்குவாங்களா?"

"நல்லாத்தான் தச்சிருக்கே. ஆனா துணியைப் பாத்து நான் என்னம்மா சொல்றது? ஆளு வரணுமே!"

திரை விலகியது. முக்காடு நழுவ உள்ளே வந்த அழகம்மாள், திகைத்து நின்ற மருமகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"ஆளு வந்துருக்கேன், பாருங்கய்யா," என்றவள், மேசைமேல் கிடந்த துணி உடம்பில் விரலை வைத்தாள். "கட்டி மட்டும் இன்னும் ஒரு விரக்கடை கீழ."